மாத்திரையா, மயக்க மருத்துவரின் வருகையா?

அறுவை சிகிச்சைக்கு முந்தைய அச்சத்தைத் தணிக்க, ஆபரேஷனுக்கு முன் தரும் அமைதி மாத்திரையும் மயக்க மருத்துவர் படுக்கையருகே வந்து பேசுவதும் நெடுங்காலமாக மாற்று வழிகளாக இருந்து வருகின்றன.

இவ்விரண்டையும் நேருக்கு நேர் வைத்து அமெரிக்காவில் எக்பர்ட் குழுவினர் 1963-ல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். அறுவைக்கு ஒரு மணி நேரம் முன்பு பென்டோபார்பிட்டால் என்ற தூக்க மருந்து பெற்றவர்களுக்குக் கண் சொருகியதே தவிர மனம் அமைதியடைந்ததாகக் காட்ட முடியவில்லை; மயக்க மருத்துவர் முன்கூட்டியே வந்து பேசிய நோயாளிகளோ தூக்கக் கலக்கமின்றியே அமைதியாக இருந்தனர். அரைத்தூக்கத்தில் கிடப்பவருக்கு அச்சமில்லை என்று பார்ப்பவர் நினைத்துக்கொள்வதாலேயே மாத்திரைக்கு இவ்வளவு நல்ல பெயர் கிடைத்தது போலும்.

பிரான்சில் 1,062 பேரிடம் நடத்தி 2015-ல் வெளியான ஆய்வு மாத்திரையின் மதிப்பை மேலும் குறைத்தது. பதற்றம் தணிக்கும் லோராசெபாம் மாத்திரையை 2.5 மில்லிகிராம் அளவில் பெற்றவர்களின் மனநிறைவு, பெறாதவர்களைவிடக் கூடவில்லை. அதிக அச்சம் கொண்டிருந்தவர்களிடமும் அப்படியே. மாறாக, அறுவைக்குப் பின் சுவாசக் குழாயை அகற்ற மாத்திரை பெற்றவர்களுக்குச் சராசரியாக 17 நிமிடங்கள் ஆயின. எந்த மருந்தும் பெறாதவர்களுக்கு 12 நிமிடங்களே ஆயின. முதியவர்களுக்கோ இவ்வகை மருந்துகளால் மனக்குழப்பம் நேரும் அபாயமும் உண்டு.

குழந்தைகள் விஷயத்தில் கணக்கு மாறுகிறது. இரண்டு வயதுக் குழந்தைக்கு விளக்கம் சொல்லி என்ன பயன்? தாயோ தந்தையோ உடன் வருவதைவிட, வாய்வழி கொடுக்கும் மிடாசோலம் என்ற அமைதி மருந்து குழந்தையின் பதற்றத்தைக் கூடுதலாகக் குறைப்பதாகக் கெய்ன் குழுவினர் 1998-ல் கண்டறிந்தனர்.

வளர்ந்தோருக்கு எந்த வழி என்று முடிவு செய்யுமுன் அச்சத்தை அளந்தாக வேண்டும். உளவியலாளர் ஸ்பீல்பெர்கரின் பதற்ற அளவுகோலில் அந்நேரத்துப் பதற்றத்துக்கு மட்டும் 20 கேள்விகள் உள்ளன. ஆராய்ச்சிக்கு அது பொருந்தும், நெரிசலான வார்டுக்குப் பொருந்தாது. 1996-ல் வெளியான ஆம்ஸ்டர்டாம் அளவுகோலில் ஆறே கேள்விகள்தாம். அவற்றுள் நான்கு, மயக்க மருந்து குறித்த அச்சத்தையும் அறுவை குறித்த அச்சத்தையும் தனித்தனியே கேட்கின்றன, எஞ்சிய இரண்டு, நோயாளி எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேட்கின்றன. இதையே நான் தேர்வேன், ஏனெனில் விவரம் வேண்டுபவருக்கு மருத்துவர் உட்கார்ந்து விளக்கலாம், விவரமே வேண்டாம் என்பவரிடம் ஆறுதலாக நாலு வார்த்தை பேசிவிட்டு, கேட்டால் மட்டும் மாத்திரை தரலாம்.