ஃபயர்வாலில் ஒரே ஒரு போர்ட் மட்டும் தகராறு செய்தால்: கேபிளா, வேகமா, சுவிட்சா, வேறு போர்ட்டா?

அலுவலகத்தில் நெட் முழுசாகப் போய்விட்டால் கண்டுபிடிப்பது சுலபம். போய்ப் போய் வந்தால்தான் தலைவலி. மீட்டிங்கில் பேசுகிறவர் முகம் உறைந்து நிற்கும், விபிஎன் அறுந்து மறுபடி ஒட்டும், நீங்கள் ரேக் பக்கம் போய்ப் பார்க்கும்போது எல்லா லைட்டும் ஒழுங்காக எரியும். ஃபயர்வாலின் (அலுவலக நெட்டுக்கும் வெளி இன்டர்நெட்டுக்கும் நடுவில் நிற்கும் காவல் பெட்டி) லாகை, அதாவது நிகழ்வுப் பதிவைத் திறந்தால் ஒரே போர்ட்டின் (கேபிள் செருகும் துளை) பெயரில் 'லிங்க் டவுன்', 'லிங்க் அப்' என்று மாறி மாறி வரிசை கட்டியிருக்கும்.

இதற்கு ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். கேபிளை மாற்று, வேகத்தைக் கையால் நிறுத்திவை, நடுவில் சின்ன நெட்வொர்க் சுவிட்ச் போடு, அடுத்த போர்ட்டில் செருகு. என் ஓட்டு கடைசியாகச் சொன்னதற்கு. மற்றவை வீண் என்பதால் அல்ல. நோயையும் காட்டி, வேலையையும் நடத்திக் கொடுப்பது அது ஒன்றுதான்.

கேபிள் மாற்றுவது செலவு குறைவு, அதனால் முதலில் செய்வதில் தப்பில்லை. ஆனால் "டெஸ்டரில் எட்டு லைட்டும் எரிந்ததே" என்ற சாட்சியம் செல்லாது. ஒவ்வொரு கம்பியும் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய்ச் சேருகிறதா என்பதை மட்டும்தான் அந்தச் சின்ன டெஸ்டர் பார்க்கும். 3, 6 ஆகிய இரண்டு பின்களுக்கும் ஒன்றாக முறுக்கிய ஒரே ஜோடி போக வேண்டும். முனையில் பிளக்கைக் கிரிம்ப் செய்தவர் அதைக் கவனிக்காமல் 1-2, 3-4 என்று ஜோடிகளை வரிசையாக அடுக்கியிருந்தாலும் டெஸ்டர் பாஸ் போட்டுவிடும். டேட்டா ஓடும்போதுதான் ஒரு ஜோடியின் சிக்னல் இன்னொன்றில் கசியும். மலிவு கேபிள் என்றால் கம்பியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். மேலே செம்பு, உள்ளே வெள்ளையாக அலுமினியம் தெரிந்தால் மேற்கொண்டு ஆராய்ச்சியே வேண்டாம், தூக்கிப் போடுங்கள்.

இன்னொரு துப்பும் உண்டு. கிகாபிட் ஓட நான்கு ஜோடியும் வேண்டும், 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டே போதும். ஒரு ஜோடி பழுதானால் சில கருவிகள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். சில, கிகாபிட்தான் வேண்டும் என்று அடம்பிடித்து விழுந்து விழுந்து எழும். 200 எம்பிபிஎஸ் பிளானுக்குப் பணம் கட்டியும் ஸ்பீட் டெஸ்ட் என்றைக்கும் 94 அருகிலேயே நின்றால், ஐஎஸ்பியை (நெட் கம்பெனியை) திட்டுவதற்கு முன் போர்ட்டின் வேகத்தைப் பாருங்கள்.

வேகத்தைக் கையால் நிறுத்துவது சீனியர்களின் வைத்தியம். ஆட்டோ நெகோஷியேஷன் (இரு முனையும் தாங்களே பேசி வேகத்தை முடிவு செய்வது) சரியாக ஒத்துப்போகாத பழைய 100 எம்பிபிஎஸ் காலத்தில் அது நியாயமாகவும் இருந்தது. செம்புக் கேபிள் கிகாபிட்டுக்கான தரநிலை 1999-இல் வந்தபோது ஆட்டோ நெகோஷியேஷனைக் கட்டாயமாக்கிவிட்டது. இன்று ஃபயர்வாலில் மட்டும் '100 ஃபுல்' என்று வைத்துவிட்டு எதிர்முனை மோடத்தை ஆட்டோவில் விட்டால் என்ன ஆகும்? மோடத்துக்கு 100 என்பது புரியும், ஃபுல் டூப்ளெக்ஸ் (இரு பக்கமும் ஒரே நேரத்தில் அனுப்புவது) என்பது தெரியாது. விதிப்படி அது ஹாஃபுக்கு (ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும்) போய்விடும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேசும்போது ஹாஃப் பக்கத்தில் லேட் கொலிஷன் (தாமதமாகத் தெரியும் மோதல்) ஏறும், ஃபுல் பக்கத்தில் சிஆர்சி எரர் (சிதைந்து வந்த டேட்டாவின் எண்ணிக்கை) ஏறும். பிங் (சின்னச் சோதனைச் செய்தி) அடித்தால் ஒரு குறையும் தெரியாது. பெரிய ஃபைலை அனுப்பினால் நகராது. லிங்க் விழுவது நின்றுவிட்டதால் "சரியாகிவிட்டது" என்று டிக்கெட்டை மூடிவிடுவார்கள், அதுதான் கொடுமை. இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால், ஆட்டோவை அணைக்காமல் அது அறிவிக்கும் வேகங்களில் 1000-ஐ மட்டும் எடுத்துவிடுங்கள். இரு முனையும் பேசி 100 ஃபுல்லுக்கே வந்து சேரும்.

நடுவில் சுவிட்ச் போடுவது பல நேரம் உண்மையிலேயே வேலை செய்யும். இரண்டு கருவிகளின் சிப்புகளுக்குள் ஒத்துப்போகாவிட்டால், இரண்டோடும் ஒத்துப்போகிற மூன்றாவது ஒன்று தீர்த்துவைக்கும். அதற்கான விலையை வேறு இடத்தில் கொடுப்பீர்கள். மோடம் செத்தாலும் சுவிட்ச் உயிரோடு இருப்பதால் ஃபயர்வாலுக்கு லிங்க் 'அப்' என்றே தெரியும். லிங்க் விழுந்தால் இரண்டாவது இணைப்புக்கு மாறு என்று அமைத்திருந்தால் அது மாறவே மாறாது. வெளியே ஒரு முகவரியைப் பிங் செய்து பார்க்கும்படி மாற்ற வேண்டும். போதாததற்கு ஒரு அடாப்டர் கூடுகிறது, அது யுபிஎஸ்ஸில் செருகப்படுவது அபூர்வம்.

சரி, போர்ட் மாற்றம். அதே கேபிள், அதே எதிர்முனை, ஃபயர்வாலில் மட்டும் வேறு போர்ட். தகராறு கூடவே வந்தால் குற்றவாளி கேபிள் அல்லது எதிர்முனை. வராமல் நின்றால் பழைய போர்ட்தான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவதால் பதிலில் குழப்பமில்லை. சின்னப் பெட்டிகளில் லேன் (உள் நெட்வொர்க்) போர்ட்டுகள் எல்லாம் உள்ளே ஒரே சுவிட்ச் சிப்பில் தொங்கலாம். அப்படியானால் அந்தக் கூட்டத்துக்கு வெளியே உள்ள போர்ட்டுக்குப் போங்கள்.

உழைப்பு இதில்தான் அதிகம், மறைக்கவில்லை. விதிகள், நேட் (முகவரி மாற்றம்), விபிஎன், டிஎச்சிபி (ஐபி வழங்குவது), விலேன் (நெட்வொர்க் பிரிவுகள்) எல்லாம் பழைய போர்ட்டின் பெயரில் கட்டியிருக்கும். பிஎஃப்சென்ஸ் போன்ற ஃபயர்வால் மென்பொருள்களில் இன்டர்ஃபேஸை (அமைப்பில் உள்ள இணைப்புப் பெயரை) வேறு போர்ட்டுக்கு ஒதுக்கினால் விதிகள் கூடவே வந்துவிடும். மற்றவற்றில் முதலில் பேக்கப், அப்புறம் அலுவலக நேரம் முடிந்த பிறகு வேலை. வேன் (வெளி இன்டர்நெட்) போர்ட் என்றால் மேக் முகவரியும் (போர்ட்டின் அடையாள எண்) மாறும். சில ஐஎஸ்பிகளும் மோடம்களும் பழைய மேக்கையே நினைவில் வைத்துக்கொண்டு ஐபி தராது. மோடத்தை அணைத்துப் போடுங்கள், அதற்கும் மசியாவிட்டால் பழைய மேக்கைப் புதிய போர்ட்டுக்கு நகலெடுங்கள்.

பழைய போர்ட்தான் குற்றவாளி என்று உறுதியானால் வாரண்டிக்குப் போகலாம். எரர் எண்ணிக்கையும் லாகும் இணைத்து, "இதே கேபிள் வேறு போர்ட்டில் ஒழுங்காக ஓடுகிறது" என்று எழுதினால் "கேபிளை மாற்றிப் பாருங்கள்" என்ற முதல் சுற்றுப் பதில் மிச்சம். மொட்டை மாடி வழியாக வரும் செம்புக் கேபிளில் இடி மின்னலுக்குப் பிறகு தொடங்கிய தகராறு என்றால் பெரும்பாலும் வாரண்டி கிடைக்காது. அங்கே புதிய போர்ட்டையும் பலி கொடுக்காமல், அந்த வழியை மீடியா கன்வெர்ட்டர் (செம்பையும் ஃபைபரையும் இணைக்கும் பெட்டி) வைத்து ஃபைபராக மாற்றிவிடுங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் வராது.