ஹாப்சன்-ஜாப்சன் மறுபதிப்பு: இஞ்சியைப் பிடித்தார்கள், வேரை விட்டார்கள்

இந்தியாவில் இருந்த ஆங்கிலேயர் வாயில் புழங்கிய சொற்களுக்கான இந்த அகராதியைப் போன மாதம் 900 ரூபாய்க்கு வாங்கினேன். தஞ்சாவூரில் நாட்டு மருந்துக் கடை வைத்திருப்பவனுக்கு இது எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். இருபது ஆண்டுகளாகச் சுக்கு நிறுத்துக் கொடுக்கும் கை, முதலில் புரட்டியது 'ஜிஞ்சர்' என்ற சொல்லைத்தான்.

சமஸ்கிருதத்தில் இஞ்சிக்குச் 'சிருங்கவேரம்' என்று பெயர். 'சிருங்கம்' என்றால் கொம்பு. மான்கொம்பு போலக் கிளைப்பதால் அப்படி அழைத்தார்கள் என்பது வழக்கமான விளக்கம். மஞ்சளைக் கொம்பு என்று சொல்லியே விற்கிறோம், ஆகவே நானும் நம்பியிருப்பேன். அகராதியைத் தொகுத்த யூலும் பர்னலும் நம்பவில்லை. வெளியிலிருந்து வந்த சொல்லுக்கு ஒட்டவைத்த கற்பனை அது என்று சொல்லி, மலையாளத்து 'இஞ்சி', 'இஞ்சிவேர்' பக்கம் கைகாட்டுகிறார்கள். முன்பு அது 'சிஞ்சி'யாக இருந்திருக்கலாமாம். தென்மொழிகளில் சொல்முதல் சகரம் உதிர்ந்ததைப் பிற்கால மொழியியலாரும் ஒப்புக்கொள்கிறார்கள். 1886இல் வந்த முதல் பதிப்பிலேயே இந்த ஊகம்! பாலியில் 'சிங்கிவேரம்', கிரேக்கத்தில் 'ஸிங்கிபெரிஸ்', லத்தீனில் 'ஸிங்கிபெர்', அப்புறம் பழைய பிரெஞ்சு வழியாக ஜிஞ்சர். நூலோ அரபு 'ஸஞ்சபீ'லிலிருந்து வந்ததாகத் தொடங்குகிறது. முதல் நூற்றாண்டுக் கிரேக்க மருத்துவர் டயோஸ்கொரிடிஸே இஞ்சியைப் பற்றி எழுதியிருக்கும்போது அரபியைச் சுற்றிக்கொண்டு வருவானேன்?

என்னைச் சீண்டியது வேறொன்று. 'இஞ்சி' என்றால் 'வேர்' என்று பொருள் எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் பக்கத்திலேயே நிற்கும் 'வேர்' எதற்கு? பர்னல் இதே தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். அரண்மனை நூலகத்துச் சமஸ்கிருதச் சுவடிகளுக்குப் பட்டியல் போட்டவர். அவர் கோட்டைவிட்டாரா, 1882இல் அவர் இறந்தபின் யூல் தனியாக முடித்தபோது நேர்ந்ததா? ஜிஞ்சர் என்ற சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டிருப்பது நம் வேர்தான்.

மற்றபடி சுருட்டு, கட்டுமரம், மிளகுத்தண்ணீர் எல்லாவற்றுக்கும் ஆண்டு வரிசையில் பழைய மேற்கோள்கள் உண்டு. படிக்க எடுத்தால் கடையைத் திறக்க நேரமாகிவிடுகிறது.

அச்சு மட்டம். 1903ஆம் ஆண்டுப் பதிப்பைப் படமெடுத்து அச்சிட்டிருக்கிறார்கள். கிரேக்க எழுத்துகள் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கின்றன. இரண்டாம் வாரமே முதுகு விட்டுப்போனது, பொட்டலம் ஒட்டும் பசையால் ஒட்டிவைத்தேன். வாங்குபவர்கள் கெட்டி அட்டையாகப் பார்த்து வாங்குங்கள். என் பிரதியில் இஞ்சிப் பக்கத்தில் பென்சிலால் திருத்தம் போட்டாகிவிட்டது.