வடை ஏன் முன்னாடியே விழுந்தது?

என் மகளுக்கு ஏழு வயது. பக்கத்துத் தெருவிலிருந்து வரும் அக்கா மகனுக்கு ஒன்பது. கோடை விடுமுறையில் இருவருக்கும் பிளாக் (திரையில் இழுத்துக் கோக்கும் கட்டளைத் துண்டு) அடுக்கி புரோகிராம் செய்யக் கற்றுக்கொடுக்கலாம் என்று உட்கார்ந்தேன். அடுக்க வைப்பது சுலபம். அடுக்கியது தப்பாக ஓடும்போது, எங்கே தப்பு என்று அவர்களையே கண்டுபிடிக்க வைப்பதுதான் பெரும்பாடு. இப்படி அடுக்கிப் பழகக் கிடைக்கும் ஸ்கிராட்ச் ஜூனியர், கோட்.ஆர்க், ஸ்கிராட்ச் மூன்றையும் வீட்டில் ஓட்டிப் பார்த்தோம். ஏழு வயதுக்கு என் ஓட்டு ஸ்கிராட்ச் ஜூனியருக்கே.

மூன்றுக்கும் காசு கிடையாது. ஜூனியர் ஐந்து முதல் ஏழு வயதுப் பிள்ளைகளுக்கென்று 2014-ல் வந்தது. டேப்லெட்டில் ஓடும், பிளாக்குகளில் எழுத்துக்குப் பதில் படம். ஸ்கிராட்ச் எட்டு வயதிலிருந்து. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்து மீடியா லேபில் பிறந்தது, பிரவுசரிலேயே ஓடும். கோட்.ஆர்க் புதிர் புதிராகப் போகும் பாடம். இவ்வளவு போதும்.

கோட்.ஆர்க்கில் பிழை திருத்தவென்றே தனிப் பாடங்கள் இருக்கின்றன. தப்பாக அடுக்கிய பிளாக்குகளைக் கொடுத்துச் சரிசெய்யச் சொல்வார்கள். ஒவ்வொரு பிளாக்காக ஓட்டிப் பார்க்க 'ஸ்டெப்' பட்டனும் உண்டு. அருமையான வசதி, ஆனால் அக்கா மகன் அதைத் தொடவே இல்லை. ஒன்றை எடுப்பான், இன்னொன்றைப் போடுவான், 'ரன்' அழுத்துவான். ஐந்தாவது தடவை பாராட்டு வந்துவிடும். "சித்தி, முடிச்சுட்டேன்!" எது தப்பாக இருந்தது என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. பிழையை யாரோ வைத்தார்கள், எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதையும் யாரோ முடிவு செய்துவிட்டார்கள். போய்ச் சேர்ந்ததும் அடுத்த புதிர்.

ஜூனியரில் நாங்கள் எடுத்துக்கொண்டது பாட்டி வடை சுட்ட கதை. காக்காய், நரி, வடை எல்லாம் மகளே வரைந்தாள். காக்காய்க்குக் குரல் கொடுத்ததும் அவள்தான், தொண்டை கட்டும் அளவுக்கு. காக்காய் பாட வேண்டும், அப்புறம் வடை விழ வேண்டும். கதையை ஓட்டும் பச்சைக் கொடியைத் தொட்டால், காக்காய் வாயைத் திறக்கும் முன்பே வடை கீழே வந்து நின்றது.

அவளுக்குக் கோபம். வடைக்கான பிளாக் வரிசையில் காத்திருக்கும் பிளாக்கைப் போட்டு, ஒன்று இரண்டு மூன்று என்று விரல்விட்டு எண்ணித்தான் 3 வைத்திருந்தாள். எனக்கும் சட்டென்று பிடிபடவில்லை. ஜூனியரில் எந்த பிளாக் ஓடுகிறதோ அது மட்டும் நிறம் மாறிக் காட்டும். வடையைத் தேர்ந்தெடுத்து மறுபடி ஓட்டச் சொன்னேன். காத்திருக்கும் பிளாக் ஒரு மினுக்கு மினுக்கிவிட்டு அடுத்ததற்குத் தாவியது. "அம்மா, இது காத்திருக்கவே இல்ல!" என்றாள். அந்த எண் விநாடிக் கணக்கு அல்ல, விநாடியில் பத்தில் ஒரு பங்கு. 30 என்று மாற்றியதும் கதை சரியாக ஓடியது.

என் முடிவைத் தீர்மானித்தது இந்த மினுக்குதான். ஏழு வயதுப் பிள்ளைக்கு 'உன் புரோகிராமில் தப்பு' என்று சொன்னால் 'நான் தப்பு' என்றுதான் காதில் விழுகிறது. தப்பு எந்த பிளாக்கில் என்று கண்ணில் பட்டுவிட்டால் அழுகை பாதியில் நிற்கிறது. தேடுவதற்கு ஓர் இடம் கிடைத்துவிடுகிறதே!

மறுநாள் பாட்டை நீளமாகப் பதிவு செய்தாள். வடை மறுபடி பாட்டின் நடுவிலேயே விழுந்தது. 30-ஐ 50 ஆக்கினாள், அடுத்த தடவை 60. பாட்டு மாறும்போதெல்லாம் எண்ணை மாற்றப்போகிறாயா என்று மட்டும் கேட்டேன். அரை நாள் கழித்து, பாடி முடித்ததும் காக்காய் ஒரு தபால் உறையை (ஒரு பாத்திரம் இன்னொன்றுக்குச் சேதி சொல்லும் பிளாக்) அனுப்பும்படியும், உறை வந்ததும் வடை விழும்படியும் மாற்றியிருந்தாள். முதலில் காக்காய் ஆரஞ்சு உறை அனுப்பியது, வடையோ சிவப்புக்காகக் காத்துக்கிடந்தது. அதை அவளே பார்த்துவிட்டாள். வேலை செய்கிற ஒன்றைப் பிரித்து, இன்னும் உறுதியாகக் கட்டினாளே, கோட்.ஆர்க் புதிரில் அதற்கு இடமே வரவில்லை.

குறையும் உண்டு. ஒரு நேரத்தில் ஒரு கதாபாத்திரத்தின் பிளாக்குகள்தான் தெரியும். காக்காயையும் வடையையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க முடியாது. 'இப்படியானால் அப்படிச் செய்' என்ற நிபந்தனை பிளாக் கிடையாது. இரண்டே பிள்ளைகளை வைத்துச் சொல்கிறேன் என்பதும் நினைவிருக்கட்டும்.

ஸ்கிராட்ச்சில் செய்யக்கூடியது அதிகம், பிழை ஒளிந்துகொள்ளும் இடமும் அதிகம். ஓடும்போது அடுக்கு முழுவதும் மஞ்சளாக ஒளிரும். அதற்குள் எந்த பிளாக் என்று தெரியாது. பழைய 1.4 பதிப்பில் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்க்கும் வசதி இருந்தது, இப்போதைய 3.0 பதிப்பில் இல்லை. பிரவுசரில் ஸ்கிராட்ச் ஆட்ஆன்ஸ் என்ற துணை மென்பொருளைச் சேர்த்தால் அது திரும்பக் கிடைக்கும், ஆனால் பிள்ளைகளோடு அதை நான் பழகவில்லை. ஒன்பது வயதுக்காரன் அங்கே எப்படித் தேறுவான் என்று உறுதியாகச் சொல்ல இன்னும் சில மாதமாவது ஆகும்.

நரி எத்தனை வடை வாங்கியது என்று எண்ணிக்கை காட்ட வேண்டும் என்று மகள் கேட்டபோது ஜூனியரில் வழியில்லாமல் போயிற்று. அங்கே எண்ணைச் சேர்த்து வைக்க பிளாக் இல்லை. சரி என்று போன வாரம் ஸ்கிராட்ச் திறந்தோம். முதல் தடவை வடை அழகாக விழுந்தது. மறுபடி கொடியை அழுத்தினால், காக்காய் பாடுகிறது, வடை தரையிலேயே கிடக்கிறது.

"அம்மா, வடை ஏன் மேல போகல?"

"போகச் சொன்னது யாரு?" என்றேன். பிளாக்குகளை மேலிருந்து கீழே விரல் வைத்துப் படிக்கத் தொடங்கினாள்.