கோலம், கோரைப்பாய், சேலைக் கரை: கிராஸ் ஸ்டிச்சுக்கு எந்தத் துணி, எந்த நூல்?

கிராஸ் ஸ்டிச் கிட் வாங்கினால் துணி, நூல், ஊசி, படம் எல்லாம் அளவாக வந்துவிடும். வசதிதான். ஆனால் அதிலுள்ள படம் பெரும்பாலும் பனி மூடிய வீடாகவோ லாவண்டர் பூந்தொட்டியாகவோ இருக்கும். நம் வாசலில் போடும் புள்ளிக்கோலமும், கூடத்தில் விரிக்கும் கோரைப்பாயும், பீரோவில் மடித்து வைத்த பட்டுச் சேலையின் கரையும் எண்ணிக்கையிலேயே பிறந்த வடிவங்கள். புள்ளியை எண்ணியோ இழையை எண்ணியோ உருவானவை அவை. கிராஸ் ஸ்டிச்சும், அதாவது ஒரு கட்டத்துக்கு ஒரு பெருக்கல் குறி போடும் பெருக்கல் தையலும், கட்டத்தை எண்ணித் தைப்பதுதான் என்பதால், அவற்றைத் துணிக்குக் கொண்டுவர ஓவியத் திறமை வேண்டியதில்லை. சரியான சாமான் வேண்டும், கொஞ்சம் கணக்கு வேண்டும்.

முதலில் துணி. தையல் சாமான் கடைகளில் இரண்டு வகை கிடைக்கும். ஒன்று மேட்டி துணி, பள்ளியில் கைவேலை வகுப்புக்கு வாங்கச் சொல்வார்களே, அது. மலிவு, அகலம் அதிகம், மேசை விரிப்புக்கும் தலையணை உறைக்கும் மென்மையாக விழும். ஆனால் கஞ்சி குறைவு, துளைகளும் தெளிவாகத் தெரியாது. சிக்குக் கோலம் போன்ற நுணுக்கமான வேலையில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கட்டம் தவறும். இன்னொன்று ஐடா துணி. நான்கு மூலையிலும் துளை பளிச்சென்று தெரியும், விறைப்பாக நிற்கும். சொந்தமாகப் படம் எழுதித் தைப்பவர்களுக்கு ஐடாவைத்தான் சொல்வோம், அதிலும் 14 கவுண்ட். ஓர் அங்குலத்துக்கு 14 கட்டம் என்று பொருள். 11 கவுண்டில் கோலக் கோடு தடித்துப் போகும். 18 கவுண்ட் கண்ணைச் சோதிக்கும்.

பெயரில்லாத ஐடாவில் ஒரு குறை அடிக்கடி வரும். அகலவாக்கில் 14 கட்டம் இருக்கும், நீளவாக்கில் 13தான் இருக்கும். நெசவில் பாவும் ஊடையும் ஒரே நெருக்கத்தில் இல்லாததால் வருவது இது. அதில் சதுரக் கோலம் செவ்வகமாகிவிடும், வட்டம் முட்டையாகிவிடும். கடையிலேயே ஸ்கேலை வைத்து 10 சென்டிமீட்டருக்குள் எத்தனை கட்டம் என்று இரண்டு பக்கமும் எண்ணிவிடுங்கள். 55 வர வேண்டும். ஒரு பக்கம் 51 வந்தால் வாங்காதீர்கள்.

அடுத்தது படம் எழுதும் தாள். பள்ளி கிராஃப் ஷீட்டில் ஒவ்வொரு பத்துக் கட்டத்துக்கும் தடித்த கோடு இருப்பது கிராஸ் ஸ்டிச் படங்களின் வழக்கத்தோடு அப்படியே ஒத்துப்போகும். ஆனால் சிறு கட்டம் ஒரு மில்லிமீட்டர்தான், அதற்குள் நிறக்குறி எழுத முடியாது. மொத்த அளவைத் திட்டமிட அதையும், தைக்கும் படத்துக்குக் கட்டம் போட்ட கணக்கு நோட்டையும் வைத்துக்கொள்வதே சரியான ஏற்பாடு. புகைப்படத்தைக் கொடுத்தால் படமாக்கித் தரும் செயலிகளை இந்த வேலைக்குப் பரிந்துரைக்க மாட்டோம். நிழலையும் ஒரு நிறமாக எடுத்துக்கொண்டு நாற்பது ஐம்பது நிறங்களில் ஒற்றைத் தையல்களாகச் சிதறடித்துவிடும். மூன்று நிறப் பாய்க்கு அத்தனை நூல் எதற்கு?

கோலத்தைத் தாளில் இறக்கும்போது புள்ளிகளுக்கு இடையே எத்தனை கட்டம் விடுவது என்பதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். நேர்ப்புள்ளிச் சிக்குக் கோலத்தில் கம்பிகள் இரண்டு புள்ளிகளுக்கு நட்டநடுவே வெட்டிக்கொள்ளும். அந்த நடு, ஒரு முழுக் கட்டத்தில் விழ வேண்டும். எனவே ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளி இரட்டைப்படை எண்ணில் வரவேண்டும். முதல் புள்ளி ஒரு கட்டத்தில் என்றால் அடுத்தது அதிலிருந்து ஆறாவது கட்டத்தில், நடு மூன்றாவதில். ஐந்து என்று வைத்தால் நடு இரண்டரையில் விழும், கோலம் முழுக்க ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே போகும். 7க்கு 7 நேர்ப்புள்ளிக் கோலம் ஆறு கட்ட இடைவெளியில், வெளிச்சுற்றுக்கு மும்மூன்று கட்டம் சேர்த்து, 43 கட்டம் வரும். 14 கவுண்டில் அது 7.8 சென்டிமீட்டர். சட்டம் போட நான்கு பக்கமும் 7.5 விட்டால் 23 சென்டிமீட்டர் சதுரத் துணி போதும்.

ஊடுபுள்ளிக்குக் கணக்கு வேறு. அடுத்தடுத்த வரிசைகள் பாதி தள்ளி நிற்பதால், ஒரு வரிசைக்குள் புள்ளிக்குப் புள்ளி 8 கட்டம், வரிசைக்கு வரிசை 7 கட்டம், தள்ளல் 4 கட்டம் என்று வைத்தால் முக்கோணங்கள் கிட்டத்தட்டச் சமபக்கமாக அமையும். வரிசைக்கு வரிசையும் 8 என்றே வைத்தால் தாமரைக் கோலம் நெட்டையாகிவிடும்.

நோட்டில் 43 கட்டம் ஒரு பக்கத்தில் அடங்காது, கால்பங்கு மட்டும் 22க்கு 22 என்று எழுதினால் அடங்கும். ஆனால் எல்லாக் கோலத்தையும் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்ப முடியாது. சில சிக்குக் கோலங்கள் சுழன்று வரும், அவற்றுக்குத் தாளை 90 டிகிரி திருப்பிக்கொண்டே படிக்க வேண்டும். பிம்பம் எடுத்தால் நடுவில் கம்பி அறுந்துவிடும். சாய்கோடுகளைப் பெருக்கல் தையலில் போட்டால் மணி கோத்ததுபோல் மூலைக்கு மூலை தொட்டு நிற்கும். கோலமாவு இழைபோல் வேண்டுமானால் கம்பியை இரண்டு இழையில் பேக் ஸ்டிச்சாக, அதாவது இடைவெளியில்லாமல் ஓடும் கோட்டுத் தையலாகப் போட்டு, புள்ளியை மட்டும் முழுத் தையலாக வையுங்கள். அப்போது கம்பி துளைக்குத் துளை ஓடும், புள்ளி கட்டத்துக்குள் நிற்கும், இரண்டும் அரைக் கட்டம் விலகும். அதற்காகப் புள்ளியை ஒரு துளையைச் சுற்றிய நான்கு கட்டங்களில் நான்கு தையலாகப் போட வேண்டும்.

சேலைக் கரை எளிது. காஞ்சிப் பட்டின் ரேக்குபோல ஊசிமுனை முக்கோணம் வேண்டுமென்றால் அடியை ஒற்றைப்படையில் தொடங்குங்கள், அப்போதுதான் உச்சி ஒற்றைத் தையலில் முடியும். 11, 9, 7, 5, 3, 1 என்று ஒவ்வொன்றையும் இரண்டு வரிசை தைத்தால் 12 வரிசை உயரத்தில் 72 தையல். இடையில் ஒரு கட்டம் விட்டுப் பத்து முக்கோணம் வைத்தால் 119 கட்டம், சரியாக எட்டரை அங்குலம். பத்தமடைப் பாயின் பட்டைகளையும் இப்படியே எண்ணிவிடலாம். பாயைப் படம் எடுத்துப் பார்த்து எழுதுவதானால் நேர் மேலிருந்து எடுங்கள். நின்ற இடத்திலிருந்து எடுத்தால் தூரத்துப் பட்டை குறுகித் தெரியும், எண்ணிக்கை பொய்யாகும். ஆத்தங்குடி ஓடுகளின் வளைவுகள் மட்டும் கடினம். முப்பது கட்டத்துக்குக் குறைந்த வட்டம் படிக்கட்டாகத்தான் தெரியும்.

நீலகிரியின் தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில் கோடு வரையாமல் இழையை எண்ணியே சிவப்பும் கறுப்பும் கோத்து எடுப்பதை ஒருமுறை பக்கத்தில் நின்று பாருங்கள். அது கிராஸ் ஸ்டிச் அல்ல, இழையோட்டத் தையல். ஆனாலும் எண்ணித் தைப்பதன் உச்சம் அதுதான்.

நூலில் ஆங்கர் பருத்தி நூல் நம்பகமானது. ஒரு கண்டு 8 மீட்டர், ஆறு இழை. 14 கவுண்டில் இரண்டு இழை போதும். கணக்குப்படி ஒரு கண்டில் 2,700 தையல் வரவேண்டும், ஆனால் நுனி வெட்டுவதிலும் பின்னால் செருகுவதிலும் போவது போக 1,800 என்று வைத்து வாங்குங்கள். மேலே சொன்ன பத்து முக்கோணத்துக்கு அரைக் கண்டுகூடச் செலவாகாது. பெரிய வேலையென்றால் மொத்தக் கண்டையும் ஒரே நாளில் வாங்கிவிடுவது நல்லது, அடுத்த சாயத்தொகுதி மயிரிழை மாறினாலும் வெயிலில் காட்டிக்கொடுக்கும். காவிக்கு 340, 341 இரண்டையும் எடுத்துச் செம்மண் பூசிய தரையோடு பகல் வெளிச்சத்தில் ஒட்டிவைத்துப் பாருங்கள். போன் திரையில் பார்த்து நிறம் முடிவு செய்யாதீர்கள்.

காவி நிற ஐடாவில் வெள்ளைக் கோலம் அழகு, ஆனால் முழுத் தையலுக்கு இரண்டு இழை போட்டால் துணி எட்டிப் பார்க்கும், மூன்று வேண்டும். மடியில் ஒரு வெள்ளைத் துண்டை விரித்துக்கொண்டால் துளைகள் வெளிச்சமாகத் தெரியும். வெள்ளை ஐடாவிலோ தொல்லை தலைகீழ். கறுப்பு, சிவப்பு நூலைப் பின்பக்கமாக நான்கு கட்டத்துக்கு மேல் இழுத்துச் சென்றால் முன்பக்கம் நிழலாடும்.

ஊசி 24ஆம் எண், முனை மழுங்கியது. கூர் ஊசி இழையைப் பிளந்து தையலைக் கோணலாக்கும். நூலை 45 சென்டிமீட்டருக்கு மேல் வெட்ட வேண்டாம், நுனிக்கு வருவதற்குள் பஞ்சாகிவிடும். முடிச்சும் வேண்டாம், சட்டம் போட்டபின் மேடாகத் தெரியும். பெருக்கல் குறியில் மேலே விழும் கால்கள் எல்லாம் ஒரே திசையில் சாய வேண்டும், ஒன்று மாறினாலும் வெளிச்சம் அங்கே தனியாக மின்னும்.

சிவப்பு நூலைத் தைக்கும் முன்பே ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்துவிடுங்கள். தைத்து முடித்துத் துவைக்கும்போது சாயம் கசிந்தால் காயவிடாதீர்கள், தண்ணீர் தெளியும் வரை பச்சைத் தண்ணீரில் அலசிக்கொண்டே இருங்கள். பிறகு தேங்காய்ப்பூத் துண்டில் முகம் கீழாகப் போட்டு, பின்பக்கம் மட்டும் இஸ்திரி போடுங்கள்.