ஹரேன் தாஸும் சித்தபிரசாத்தும்: வங்கத்தின் இரண்டு அச்சோவியர்கள்

இருவரும் வங்கக்காரர்கள், ஏறத்தாழ ஒரே காலத்தவர். கட்டையில் படத்தைச் செதுக்கி, மை தடவி, தாளில் பதிப்பதுதான் இவர்களின் அச்சுக்கலை. ஆனால் இருவரின் அச்சுகளையும் அருகருகே வைத்தால் வேறு வேறு உலகங்கள்.

ஹரேன் தாஸ் (1921–1993) கல்கத்தா அரசு கலைக்கல்லூரியில் கற்பித்தவர். பலருக்கு அச்சுக்கலை இரண்டாம்பட்சமாக இருந்தபோது, இவர் வாழ்நாள் முழுக்க அதிலேயே நின்றார். மரக்கட்டையின் குறுக்குவெட்டு முகத்தில் அவர் செதுக்கிய கோடுகள் மயிரிழைக்கு நெருங்கியவை. அந்த முகத்தில் மரத்தின் நார் ஓட்டம் உளியை இழுப்பதில்லை. அதனால்தான் அவ்வளவு நுணுக்கம் கைகூடுகிறது. தண்ணீரில் விழும் வெளிச்சம், வைக்கோல், மாட்டுவண்டி என எல்லாமே கருப்புக்கும் வெள்ளைக்கும் நடுவிலான சாம்பல் நிறங்களில் வருகின்றன. வண்ண அச்சுகளும் செய்தார். அதற்கு நிறத்துக்கு ஒரு கட்டை வேண்டும், எல்லாம் இம்மி பிசகாமல் பொருந்தவும் வேண்டும்.

சித்தபிரசாத் (1915–1978) பெரும்பாலும் லினோலியத்தில், அதாவது தரைவிரிப்புக்குப் பயன்படும் பொருளில், வெட்டினார். லினோ மலிவு, மென்மையானது, எந்தத் திசையிலும் வெட்டலாம். தடித்த கருப்பு, பளிச்சென்ற வெள்ளை, நடுவில் சமரசம் இல்லை. 1943 வங்கப் பஞ்சத்தை மேதினிப்பூர் மாவட்டத்தில் நேரில் கண்டு வரைந்தவர் அவர். பட்டினியையும், உழைக்கும் குழந்தைகளையும் சொல்ல இந்த முரட்டுக் கோடுதான் சரி.

நுட்பம் கற்க விரும்புபவர் ஹரேன் தாஸிடம் போகலாம். அவர் காட்டும் கிராமங்களில் பசி அதிகம் தெரிவதில்லை என்பது என் குறை. ஒருவரைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்றால் நான் சித்தபிரசாத்தையே எடுப்பேன்.