சர்வரில் இரண்டு லேன் கேபிள்: எல்ஏசிபியா, ஆக்டிவ்-பேக்கப்பா?

கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாங்கூழ் தொழிற்சாலைக்கு இந்த சீசனுக்கு முன்னால் புது லினக்ஸ் சர்வர் வைத்தோம். எடைமேடை பில்லிங், லேப் ரிப்போர்ட், கணக்கு எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. பின்பக்கம் தலா ஒரு கிகாபிட் வேகமுள்ள போர்ட் இரண்டு. அவற்றைச் சேர்த்து ஒரே இணைப்பாக்கும் பாண்டிங்கில் 0 முதல் 6 வரை ஏழு மோட் உண்டு. மோட் 0 பாக்கெட்டுகளை (தரவுத் துண்டுகளை) இரண்டு கேபிளிலும் மாற்றி மாற்றி அனுப்புவதால் அவை வரிசை குலைந்து போய்ச் சேரும். மோட் 6, சுவிட்ச் (லேன் கேபிள்கள் வந்து சேரும் பெட்டி) உதவி இல்லாமலே சுமையைப் பிரிக்கும். ஆனால் ஏஆர்பி பதில்களை (ஒரு ஐபி எந்தக் கார்டின் மேக் முகவரியில் இருக்கிறது என்று சொல்பவை) மாற்றி அனுப்பித்தான் அதைச் செய்கிறது, சர்வருக்குள் ஓடும் விர்ச்சுவல் மெஷின்களை நெட்வொர்க்கில் சேர்க்கப் பிரிட்ஜ் போட்டால் தகராறு வரும். மற்றவற்றில் நான் யோசித்தது இரண்டுதான்: மோட் 4 எல்ஏசிபி, மோட் 1 ஆக்டிவ்-பேக்கப். நான் மோட் 1 போட்டேன்.

எல்ஏசிபி நல்ல ஏற்பாடுதான். 2000-இல் ஐஇஇஇ 802.3ஏடி என்ற தரநிலையாக வந்து, 2008-இல் 802.1ஏஎக்ஸ் ஆனது. சர்வரும் சுவிட்சும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும்: மெதுவான கணக்கில் 30 விநாடிக்கு ஒரு முறை, வேகமான கணக்கில் விநாடிக்கு ஒரு முறை. இரண்டு கேபிளும் வேலை செய்யும், ஒன்று அறுந்தால் மற்றது தாங்கும். மோட் 1-இல் ஒரு கேபிள் சும்மா கிடக்கும், வேகம் ஒரு கிகாபிட் மட்டுமே.

வேகம் இரட்டிப்பாகும் என்று நம்பித்தான் பலர் எல்ஏசிபி பக்கம் போகிறார்கள். கிருஷ்ணகிரி டோல்கேட்டில் இன்னொரு லேனைத் திறந்தால் வரிசை குறையும். ஒரு லாரி இரண்டு லேனில் போக முடியாது. அப்படித்தான், ஒரு இணைப்பின் பாக்கெட்டுகள் எல்லாம் ஒரே கேபிளில்தான் போகும். இரவு பேக்கப் ஒரே இணைப்பில் போனால் விநாடிக்கு 110 எம்பி சொச்சம்தான், 400 ஜிபிக்கு ஒரு மணி நேரம். எல்ஏசிபி போட்டாலும் அதே ஒரு மணி நேரம். பலர் ஒரே நேரத்தில் பெரிய ஃபைல் இழுத்தால்தான் பலன் தெரியும். அதற்கும் ஹாஷ் பாலிசியை, அதாவது எந்த இணைப்பு எந்தக் கேபிளில் என்று பிரிக்கும் விதியை, பார்க்க வேண்டும். லினக்ஸில் இயல்பாக இருப்பது லேயர்2, மேக் முகவரியை வைத்துப் பிரிப்பது. எல்லோரும் ஒரே ரவுட்டர் வழியாக வந்தால் சர்வர் அனுப்புவது முழுக்க ஒரே கேபிளில் விழும். லேயர்3+4 (ஐபியையும் போர்ட் எண்ணையும் வைத்துப் பிரிப்பது) என்று மாற்றினால் பரவும்.

ஆனால் என் முடிவுக்குக் காரணம் வேகம் இல்லை, பராமரிப்பு. எல்ஏசிபியில் இரண்டு கேபிளும் ஒரே சுவிட்சில் இருக்க வேண்டும். இரண்டு சுவிட்சில் பிரிக்க வேண்டுமென்றால் இரண்டு பெட்டியும் ஒரே சுவிட்ச் போல நடந்துகொள்ளும் ஸ்டாக்கிங் அல்லது எம்லாக் தெரிந்த சுவிட்ச் வாங்க வேண்டும். விலை வேறு தரம். இந்தப் பக்கத்தில் எது அடிக்கடி சாகிறது? கேபிளும் நெட்வொர்க் கார்டும் அபூர்வம். சுவிட்ச்தான் சாகும். ஏப்ரல், மே மாதத்தில் கோடை இடி, கரண்ட் போய்ப் போய் வரும், ஜெனரேட்டர் மாறும்போது வோல்டேஜில் ஒரு குதி. அடுத்த சில வாரத்தில் தோத்தாபுரி லோடு வரத் தொடங்கும். லாரியும் டிராக்டரும் இரவெல்லாம் கேட்டில் நிற்கும்போது சுவிட்ச் போனால், அதில் செருகிய இரண்டு கேபிளும் சேர்ந்தே போகும்.

மாற்று சுவிட்சும் ஒரு கேள்வி. சாதாரண அன்மேனேஜ்டு (செருகினால் போதும், அமைப்பு எதுவும் இல்லாத) சுவிட்ச் டவுனிலேயே கிடைக்கும். எல்ஏசிபி தெரிந்த மேனேஜ்டு சுவிட்சுக்கு 50 கிலோமீட்டர் தள்ளி ஓசூர், இல்லாவிட்டால் பெங்களூரு. வந்த பிறகு அதில் இரண்டு போர்ட்டையும் சேர்த்துக் குரூப் போட ஆள் வேண்டும். சாதாரண சுவிட்சைச் செருகினாலும் மோட் 4 முழுதாகச் செத்துவிடாது, ஒரு போர்ட்டில் ஓடிக்கொண்டிருக்கும். பாண்டிங் நிலவரத்தில் பார்ட்னர் மேக் (எதிர்முனை சுவிட்சின் முகவரி) முழுக்க சுழியாகத் தெரியும். அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை என்பதுதான் சிக்கல்.

மோட் 1-இல் இந்தப் பேச்சே இல்லை. சுவிட்ச் இரண்டும் வேறு வேறு கம்பெனியாக இருக்கலாம். ஷிப்ட் எலக்ட்ரீஷியன் போனில் கேட்பார்: "அண்ணா, சர்வர் ஒயரை எந்த ஓட்டைல சொருகணும்?" "எதுல வேணா சொருகு தம்பி." அவ்வளவுதான் கான்ஃபிகரேஷன்.

எங்கள் அமைப்பு இது: சுவிட்ச் ஏ ஒரு யுபிஎஸ்ஸில், சுவிட்ச் பி இன்னொரு யுபிஎஸ்ஸில். சர்வரின் ஒரு கேபிள் ஏ-வுக்கு, மற்றது பி-க்கு. ஏ-வையும் பி-யையும் இணைக்க ஒரே ஒரு கேபிள். அன்மேனேஜ்டு சுவிட்சில் இரண்டாவதைப் போட்டால் லூப் ஆகி, பாக்கெட்டுகள் சுற்றிச் சுற்றி வந்து நெட்வொர்க் மொத்தமும் படுத்துவிடும். எடைமேடை கம்ப்யூட்டர்கள் இரண்டையும் ஆளுக்கொரு சுவிட்சில் பிரித்தோம். ஏ செத்தால் பாதி மெஷின்கள் போகும், ஆனால் பில் போடுவது நிற்காது. சர்வர் அடுத்த கேபிளுக்கு மாறி, ஏஆர்பி அறிவிப்பு அனுப்பித் தன் மேக் இப்போது எந்தப் போர்ட்டில் என்று சுவிட்சுக்குத் தெரிவிக்கும். திறந்திருக்கும் பில்லிங் திரை பொதுவாக அறுவதில்லை.

இதில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. வழக்கமாக எல்லோரும் எம்ஐஐமான் 100 என்று போடுவார்கள். 100 மில்லிவிநாடிக்கு ஒரு முறை போர்ட்டில் லிங்க் இருக்கிறதா என்று பார்க்கும். இடி வாங்கிய சுவிட்ச் சில நேரம் விளக்கு எரிய நிற்கும், லிங்க்கும் காட்டும், பாக்கெட் மட்டும் போகாது. எம்ஐஐமானுக்கு அது தெரியாது. அதனால் ஏஆர்பி கண்காணிப்பு வைத்தேன்: குறிப்பிட்ட ஐபிகளிடம் விநாடிக்கு ஒரு முறை பதில் கேட்கும், வராவிட்டால் கேபிள் மாறும். 16 ஐபி வரை கொடுக்கலாம். ரவுட்டரை மட்டும் கொடுத்தால், ரவுட்டரை அணைத்ததும் பாண்டே விழுந்துவிடும். அதனால் ஏ-வில் ஒன்று, பி-யில் ஒன்று, எப்போதும் எரியும் கருவிகளாகப் பார்த்துக் கொடுத்தோம். இந்த வசதி மோட் 4-இல் கிடையாது.

ஒரு போர்ட்டை பிரைமரி (முதல் விருப்பம்) என்று வைத்தால், மீண்டு வந்ததும் அதற்கே திரும்புவது இயல்பான வழக்கம். கரண்ட் விட்டு விட்டு வரும் ஊரில் இது முன்னும் பின்னும் தாவிக்கொண்டே இருக்கும். ரீசெலக்ட் அமைப்பை ஃபெயிலியர் என்று மாற்றினால், இப்போதைய கேபிள் விழும்வரை அதிலேயே நிற்கும்.

சுவிட்ச் எல்ஏசிபி தாங்கினால் அதையே போடு, இல்லாவிட்டால் ஆக்டிவ்-பேக்கப் என்கிறது, விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் மென்பொருளான ப்ராக்ஸ்மாக்ஸின் கையேடு. ஸ்டாக் சுவிட்சும், எப்போதும் ஒரு நெட்வொர்க் ஆளும் உள்ள இடத்துக்கு அது சரி; ஓசூர் சிப்காட்டில் பெரிய கம்பெனி என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். எம்லாக் அமைப்பை நான் நாள் கணக்கில் ஓட்டிப் பார்த்ததில்லை, அதன் நடைமுறைத் தொல்லைகளை அதை ஓட்டுபவர்களிடம் கேளுங்கள். பேக்கப் வேகம்தான் குறை என்றால், சர்வருக்கும் பேக்கப் பெட்டிக்கும் நடுவே நேரடியாக 10 கிகாபிட் கார்டு ஜோடி போடுவது எல்ஏசிபியைவிடப் பயன்படும். அடுத்த வருடம் அந்தத் தொழிற்சாலைக்கு அதைத்தான் கேட்டிருக்கிறேன்.