நிலம் காக்கும் வேலைக்கு எந்தப் பயிற்சி? வகுப்பறையா, பழகுநர் வேலையா, தன்னார்வமா?

இயற்கைப் பாதுகாப்பு, நில மேலாண்மை என்ற துறைக்குள் நுழைய நினைப்பவர்களுக்கு மூன்று வாசல்கள் உண்டு. பயிற்சி நிலையத்தில் சேர்ந்து படித்துச் சான்றிதழ் வாங்கலாம். காப்பகத்திலோ நிலச் சீரமைப்புக் குழுவிலோ பழகுநராகச் சேர்ந்து, சம்பளத்தோடு வேலை கற்கலாம். அல்லது தன்னார்வலராகப் போய்க்கொண்டே குறுகிய காலப் பயிற்சிகளை ஒவ்வொன்றாக முடிக்கலாம். பட்டப்படிப்பை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. ஆய்வுக்கும் திட்டமிடலுக்கும் அது வேண்டும். கையில் மண் படுகிற வேலைக்கு அது கட்டாயமில்லை.

எல்லாரும் கட்டணத்தையும் கால அளவையும் வைத்துத்தான் ஒப்பிடுகிறார்கள். நான் முதலில் கேட்பது வேறு: ஒரே நிலத்தை எல்லாப் பருவத்திலும் பார்க்க எந்தப் பயிற்சி வாய்ப்பு தருகிறது?

உண்ணிச்செடியை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து அலங்காரச் செடியாகக் கிளம்பி, பல நாட்டுக் காடுகளில் புகுந்துவிட்ட களை. இதைத் தூரோடு வெட்டி மருந்து தடவும் முறையில், தரையை ஒட்டி, சாய்வில்லாமல் வெட்ட வேண்டும். வெட்டிய சில விநாடிகளுக்குள் வெட்டுவாயில் களைக்கொல்லியைத் தடவிவிட வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் வெட்டுவாய் அடைபட்டு, மருந்து வேருக்கு இறங்காது. அதனால்தான் இருவராகப் போவார்கள். ஒருவர் கையில் ரம்பம், இன்னொருவர் கையில் மருந்தும் தூரிகையும். சான்றிதழ் வகுப்பில் இது ஒரு நாள் செய்முறை. ஆசிரியர் பார்ப்பார், மதிப்பெண் போடுவார். ஆனால் வெட்டியது சரியா என்பது அடுத்த மழைக்குப் பிறகுதான் தெரியும். தூரில் துளிர் கிளம்பியிருக்கிறதா, பறவைகள் போட்ட விதைகள் முளைத்திருக்கின்றனவா என்று போய்ப் பார்க்கிறவர் பழகுநர். அந்த நேரத்தில் சான்றிதழ் மாணவர் படிப்பையே முடித்துப் போயிருப்பார்.

1960களில் சிட்னியின் புறநகர்க் காட்டில் ஜோன் பிராட்லி, ஐலீன் பிராட்லி என்ற சகோதரிகள் உருவாக்கிய முறையும் இதைத்தான் காட்டுகிறது. களை மண்டிய இடத்தில் தொடங்காதே, நல்ல நிலையில் இருக்கும் பகுதியிலிருந்து கெட்ட பகுதியை நோக்கி நகரு. மண்ணை முடிந்தவரை கிளறாதே. இயல்தாவரங்கள், அதாவது அந்த மண்ணுக்கே உரிய செடிகள், மீண்டு வரும் வேகத்துக்கு மேல் களை எடுக்காதே. மூன்றையும் ஐந்து நிமிடத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் அந்த வேகம் எவ்வளவு என்பதை நிலம்தான் சொல்லும், அதுவும் மெதுவாக.

அதற்காக வகுப்பறையை ஒதுக்கிவிட மாட்டேன். பழகுநர் பயிற்சியில் எனக்குக் கவலை தருகிற ஒன்று உண்டு. வேலை கொடுப்பவருக்கு ஆள் பற்றாக்குறை என்றால், மருந்து தெளிப்பதிலேயே உங்கள் வருடம் கழிந்துவிடும். ஏன் செய்கிறோம் என்று சொல்லித்தர யாருக்கும் நேரம் இருக்காது. வகுப்பறை அந்த ‘ஏன்’ என்பதற்கு இடம் கொடுக்கிறது. நாற்றுப் பருவத்தில் களையையும் இயல்தாவரத்தையும் பிரித்தறிவது, மருந்துப் புட்டியின் லேபிளை முழுதாகப் படிப்பது, வரைபடம் போடுவது எல்லாம் அங்கேதான் ஒழுங்காகக் கிடைக்கும். சரிவில் சமமட்டம் பார்க்கும், ‘A’ எழுத்து வடிவிலான ஏ-சட்டத்தையே பாருங்கள். இரண்டு சமநீளக் கம்புகள், ஒரு குறுக்குக் கம்பு, உச்சியில் கட்டித் தொங்கவிட்ட கல். கயிறு குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தில் ஒரு கோடு. கால்களை இடம் மாற்றி வைத்து இன்னொரு கோடு. இரண்டுக்கும் நட்ட நடுவே சமமட்டம். இதைக் களத்தில் கற்றவர் கோடு போடுவார். காரணத்தோடு கற்றவர், கம்பு உடைந்துபோனால் புதிதாக ஒன்று கட்டி, மறுபடி நடுப்புள்ளி பிடிப்பார்.

தன்னார்வ வழியைப் பலர் பொழுதுபோக்காகவே நினைக்கிறார்கள். என் அளவுகோலில் அது சில சமயம் மற்ற இரண்டையும் முந்திவிடுகிறது: மூன்று வருடம் ஒரே ஓடைக்கரைக்குப் போய்வந்தவருக்கு அந்தக் கரையில் எந்த மூலையில் எது எப்போது முளைக்கும் என்று தெரியும். விதை சேகரிப்பிலும் அப்படித்தான். நாவல், ஓக் போன்றவற்றின் விதைகளை உலர்த்தினால் உயிர் போய்விடும். பழுத்து உதிரும் நாட்களிலேயே எடுத்து விதைக்க வேண்டும். அந்த நாட்களில் அங்கே இருப்பவருக்குத்தான் விதை கிடைக்கும். குறை என்னவென்றால், வேலை கேட்கும்போது காட்ட உங்களிடம் காகிதம் இருக்காது. செயின்சா, களைக்கொல்லி கையாளுதல், முதலுதவி ஆகிய மூன்றுக்கும் குறுகிய காலப் பயிற்சி முடித்துவைத்தால் அந்தக் குறை பெருமளவு தீரும்.

என்னைக் கேட்டால், குறைந்தது ஓராண்டு நீளும் பழகுநர் பயிற்சி முதலில், அதனோடு பகுதிநேர வகுப்பு. உடம்பு இந்த வேலைக்கு ஒத்துவருமா என்ற சந்தேகம் இருந்தால், முதல் சில மாதங்கள் தன்னார்வலராகப் போய்ப் பாருங்கள். வெயிலில் எட்டு மணி நேரம் குனிந்து நிற்பது எல்லாருக்கும் ஆகாது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, நாற்றங்காலிலும் தாவரக் கணக்கெடுப்பிலும் இடம் உண்டு.

எங்கே சேர்வதானாலும், பணம் கட்டும் முன் ஒன்று செய்யுங்கள். போன வருடம் பயிற்சி பெற்றவர்கள் களை எடுத்த இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டினால், குனிந்து தூர்களைப் பாருங்கள், சுற்றி என்ன முளைத்திருக்கிறது என்று பாருங்கள். எந்த இடம் என்று அவர்களுக்கே நினைவில்லை என்றால் வேறு நிலையம் தேடுங்கள்.